குரோனோகிராஃப் வாங்கியவர்களுக்குச் சென்னை வெயில் பற்றிச் சில விஷயங்கள்

கோடை தொடங்கினால் எங்கள் ரேஞ்சில் ஒரு சந்தேகமும் கூடவே தொடங்கிவிடும். குரோனோகிராஃபில், அதாவது துப்பாக்கியிலிருந்து கிளம்பும் பெல்லட் என்ற சிறு ஈயக் குண்டின் வேகத்தை அளக்கும் கருவியில், காலையில் நொடிக்கு 168 மீட்டர் காட்டிய ஏர் ரைஃபிள் மதியம் 171 காட்டுகிறது. அதே ரைஃபிளை மாலையில் அறைக்குள் டியூப் லைட்டின் கீழ் வைத்துச் சுட்டால் 165க்கும் 175க்கும் இடையே தாவுகிறது. நடுநடுவே எண்ணே இல்லாமல் பிழைக் குறி மட்டும் வருகிறது. காற்றழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர் போய்விட்டது என்பார் ஒருவர். வால்வில் கசிவு என்பார் இன்னொருவர். பெல்லட் டப்பாவை மாற்றிப் பார் என்று மூன்றாமவர் சொல்வார். வைத்தியத்துக்கா பஞ்சம்? துப்பாக்கியைப் பிரித்து மேசையில் பரப்புவதற்கு முன்னால் தலையை நிமிர்த்தி மேலே என்ன வெளிச்சம் இருக்கிறது என்று பாருங்கள் என்பதுதான் நான் சொல்வது. பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. ஸ்க்ரூடிரைவர் கையில் இருப்பவனுக்கு வானம் கண்ணில் படாது.

ஒளியை நம்பி இயங்கும் குரோனோகிராஃப் உள்ளுக்குள் மிக எளிய கருவி. நீளமான பெட்டி, அதன் முன்பக்கமும் பின்பக்கமும் மேல்நோக்கிப் பார்க்கும் இரண்டு ஒளி உணரிகள், நடுவில் ஒரு கடிகாரம். விலை குறைந்த மாதிரிகளில் இரண்டு உணரிகளுக்கும் இடையே பெரும்பாலும் ஓர் அடி, அதாவது 30.48 சென்டிமீட்டர். பெல்லட் முதல் உணரியின் மேலே போகும்போது அதன் மேல் விழும் வெளிச்சம் சற்றுக் குறைகிறது, கடிகாரம் ஓடுகிறது. இரண்டாவதிலும் அப்படிக் குறையும்போது கடிகாரம் நிற்கிறது. தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம். நொடிக்கு 168 மீட்டரில் போகும் பெல்லட் அந்த ஓரடியைக் கடக்க ஏறத்தாழ 1.81 மில்லி நொடி ஆகும். அந்தக் கடிகாரத்தைச் சந்தேகிக்க வேண்டாம். மலிவான கருவியிலும் உள்ளே இருப்பது குவார்ட்ஸ் படிகம்தான். இந்த வேலைக்கு அது தாராளம். சந்தேகிக்க வேண்டியது அந்த 'ஓரடி'யை.

பெட்டியில் உணரிகள் திருகி இறுக்கப்பட்டிருக்கின்றனவே, ஓரடி எப்படி மாறும்? உணரிக்கு பெல்லட்டின் மூக்கு எது, வால் எது என்று தெரியாது. பெல்லட் அதன் பார்வைக்குள் நுழையும்போது வெளிச்சம் சட்டென்று அறுபடுவதில்லை, படிப்படியாக இறங்குகிறது. அந்த இறக்கம் குறிப்பிட்ட அளவைத் தொட்டதும் மின்சுற்று 'வந்துவிட்டது' என்று குறித்துக்கொள்கிறது. மேலே வானம் நன்கு வெளுத்து, பெல்லட் கருப்பாகத் தெரிந்தால் மூக்கு நுழைந்தவுடனே அந்த அளவு எட்டிவிடும். வேறுபாடு மங்கலாக இருந்தால் பெல்லட்டின் இடுப்பு வரை, சில நேரம் வால் வரை உள்ளே வந்த பிறகுதான் எட்டும். 4.5 மில்லிமீட்டர் பெல்லட்டின் நீளம் ஐந்தாறு மில்லிமீட்டர். ஒரு கண் மூக்கைப் பார்த்தும் இன்னொரு கண் வாலைப் பார்த்தும் தூண்டப்பட்டால் ஓரடியில் ஆறு மில்லிமீட்டர் பிசகு, அதாவது இரண்டு சதவீதம். 168இல் அது மூன்று மீட்டருக்கும் மேல். நல்ல போட்டி ரைஃபிளில் ஷாட்டுக்கு ஷாட் ஓரிரு மீட்டர்தான் ஏறி இறங்கும். அப்படியானால் கருவியின் தடுமாற்றம் துப்பாக்கியின் தடுமாற்றத்தை விழுங்கிவிடுகிறது.

இதிலிருந்து வரும் விஷயத்தைத்தான் இந்தக் கட்டுரையில் முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன். இரண்டு கண்களும் ஒரே அளவு தாமதித்தால் பிழை தானாகவே கழிந்துவிடும். இரண்டும் மூக்கைப் பார்க்கட்டும், அல்லது இரண்டும் வாலைப் பார்க்கட்டும், இடையில் இருப்பது அதே ஓரடிதான். மங்கலான வெளிச்சத்திலும் சரியான எண் வரலாம், கண்ணைப் பறிக்கும் வெளிச்சத்திலும் தவறான எண் வரலாம். இரண்டு கண்களும் ஒரே வெளிச்சத்தைப் பார்க்கின்றனவா என்பதைத்தான் கவனிக்க வேண்டும். 'வெளிச்சம் போதுமா அண்ணா?' என்று இளைஞர்கள் கேட்கும்போது என் பதில் எப்போதும் இன்னொரு கேள்வியாகவே இருக்கும்: 'ரெண்டு பக்கமும் ஒண்ணா?'

இந்த 168 எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்காக ஒரு சிறு விலகல். பத்து மீட்டர் போட்டியில் பரவலாகப் பயன்படும் பெல்லட்டுகளில் ஒருவகை 0.53 கிராம். ஜெர்மனியில் உரிமமில்லாமல் வாங்கக்கூடிய காற்றுத் துப்பாக்கிக்கு ஆற்றல் வரம்பு 7.5 ஜூல். 0.53 கிராமுக்கு 7.5 ஜூல் என்று கணக்குப் போட்டால் 168 மீட்டர் வருகிறது. போட்டி ரைஃபிள் செய்யும் பெரிய பட்டறைகள் பல ஜெர்மனியில் இருப்பதால் அந்த நாட்டுச் சட்டம் நம் மொட்டை மாடி வரை வந்துவிடுகிறது. நம் நாட்டில் வரம்பு வேறு. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி குழல் 4.5 மில்லிமீட்டருக்கும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மிகாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. அந்த எல்லையை ஒட்டிய ரைஃபிள் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆற்றலில் வேகம் இருமடிப் பெருக்கமாக வருகிறது. வேகத்தில் இரண்டு சதவீதப் பிசகு என்றால் ஆற்றலில் நான்கு சதவீதம். உண்மையில் 19.5 ஜூல் உள்ள ரைஃபிள் மோசமான வெளிச்சத்தில் 20.3 காட்டி வயிற்றைக் கலக்கும். அதைவிட ஆபத்தானது நேர்மாறானது: 20.5 ஜூல் உள்ளது 19.7 காட்டி நிம்மதியாகத் தூங்க வைத்துவிடும்.

இனி வெயில். குரோனோகிராஃபுடன் வரும் கையேடு வெயில் நாளில் உணரிகளுக்கு மேலே வெள்ளைப் பிளாஸ்டிக் மறைப்புகளை மாட்டச் சொல்லும், மேகமூட்டத்தில் கழற்றச் சொல்லும். நல்ல அறிவுரைதான். ஆனால் அதை எழுதியவரின் சூரியன் வேறு, நம் சூரியன் வேறு. இந்தக் கருவிகள் பெரும்பாலும் வட அமெரிக்காவில் உருவானவை. டொரொண்டோவில், ஆண்டிலேயே சூரியன் மிக உயரே ஏறும் ஜூன் மாத நண்பகலிலும் அது உச்சியிலிருந்து ஏறத்தாழ 20 டிகிரி தள்ளித்தான் நிற்கும். நேர் மேலே பார்க்கும் உணரியின் கண்ணுக்குள் அது நேராக இறங்குவதே இல்லை. சென்னை 13 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் உச்சியிலிருந்து சுமார் 10 டிகிரிக்குள்ளேயே இருக்கும். ஏப்ரல் 24ஐ ஒட்டியும் ஆகஸ்டு 18ஐ ஒட்டியும் ஆண்டுக்கு இருமுறை நிழலே இல்லாமல் தலைக்கு நேர் மேலே வந்துவிடும். பள்ளிப் பிள்ளைகள் குச்சியை நட்டு வேடிக்கை பார்க்கும் அந்த நாட்களில் நமது இரண்டு உணரிகளும் சூரியனை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருக்கும்.

அப்போது நடப்பது இதுதான். நேர்வெயிலில் உணரி தன் எல்லை வரை நிரம்பிப்போகிறது. அந்த வெள்ளத்தில் பெல்லட் மறைக்கும் ஒரு துளி வெளிச்சம் கணக்கிலேயே வருவதில்லை. மறைப்பை மாட்டினால் பாதிப் பிரச்சினை தீரும். மீதிப் பாதி கீழேயிருந்து வருகிறது. சென்னையில் பல மொட்டை மாடிகளில் சூடு குறைய வெள்ளை ஓடு பதித்திருப்பார்கள், அல்லது வெள்ளைப் பூச்சு அடித்திருப்பார்கள். உச்சி வெயில் அதில் பட்டு மேலே எழும்பி பெல்லட்டின் வயிற்றில் விழுகிறது. உணரி பார்ப்பது பெல்லட்டின் வயிற்றைத்தான். கருப்பாகத் தெரிய வேண்டிய வயிறு சாம்பல் நிறமாகத் தெரிகிறது. டப்பாவிலிருந்து அப்போதுதான் எடுத்த பளபளப்பான ஈய பெல்லட் என்றால் இன்னும் மோசம். கையேடுகளில் தரையைப் பற்றி ஒரு வரியாவது இருக்கும் என்று தேடினேன். நான் பார்த்தவற்றில் இல்லை. பச்சைப் புல்வெளியில் வைத்துச் சுடுகிறவர்களுக்கு அது தோன்றியிருக்காது.

இதற்கு நான் செய்வது செலவில்லாதது. பெட்டியைச் சுற்றித் தரையில் கருப்புத் துணி. பழைய கருப்புக் குடைத் துணியே போதும், பளபளக்காமல் இருந்தால் சரி. மேலே, துணி காயப்போடும் கொடியில் பழைய வெள்ளை வேட்டியை இரண்டாக மடித்து, பெட்டிக்கு மூன்றடி உயரத்தில் பந்தல் போலக் கட்டிவிடுகிறேன். பெட்டியோடு வந்த மறைப்புகள் உள்ளங்கை அகலம்தான் இருக்கும். வேட்டியின் அகலத்துக்கு இரண்டு உணரிகளும் ஒரே வெள்ளைப் பரப்பைப் பார்க்கும், பெட்டியும் நிழலில் இருக்கும், பெல்லட்டின் மீது பக்கவாட்டு வெயிலும் படாது. ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருக்க வேண்டும்: வேட்டியின் கரை எந்த உணரியின் நேர் மேலேயும் வரக்கூடாது. நான்கு விரல் மயில்கண் கரை ஓர் உணரிக்கு மேல் வந்தால் அதன் வானம் இருண்டுவிடும், மற்றதன் வானம் வெள்ளையாகவே இருக்கும், பழையபடி மூக்கும் வாலும் கதைதான். காற்று வீசினால் நான்கு மூலையிலும் கிளிப் போடுங்கள். படபடக்கும் துணியை பெல்லட் என்று எண்ணிக் கருவி தானாகவே ஏதோ ஒரு எண்ணைக் காட்டிவிடும்.

காலை நேரத்துக்கு வேறு வகை நாடகம். சூரியன் தாழ்ந்து நிற்கும்போது மாடியில் உள்ள எல்லாவற்றுக்கும் நீண்ட நிழல் விழுகிறது. எங்கள் மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் எட்டு, எட்டரை மணி வாக்கில் பெட்டியின் மேல் ஊர்ந்து போகும். அதன் விளிம்பு இரண்டு உணரிகளுக்கும் நடுவில் இருக்கிற அந்தச் சில நிமிடங்களில் எண்கள் ஒரே பக்கமாகச் சரியும். சிதறாது, சரியும். எல்லா ஷாட்டும் ஒன்றுபோலக் குறைவாகவோ ஒன்றுபோலக் கூடுதலாகவோ வரும். அதுதான் ஏமாற்றும் இடம். சிதறினால் யாருக்கும் சந்தேகம் வரும். பத்து ஷாட்டும் ஒரு மீட்டருக்குள் அடக்கமாக வந்தால் அந்த எண்ணை நோட்டில் எழுதி அடிக்கோடிடத் தோன்றும். அடக்கமான எண் சரியான எண் என்று பலரும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் கிடையாது.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமேகம் வானம் முழுக்க ஒரே சாம்பல் நிறமாக மூடியிருக்கும், மழை மட்டும் சற்றுப் பொறுத்திருக்கும். இந்த வேலைக்கு அதைவிட நல்ல வெளிச்சம் இல்லை. மறைப்பு வேண்டாம், வேட்டி வேண்டாம். ஆனால் அந்த நாட்களில் ரைஃபிளை மாடிக்குக் கொண்டுபோகவே மனம் வராது; ஈரப்பதம் இரும்பைத் தின்றுவிடும்.

அறைக்குள் வந்தால் எதிரி மாறிவிடுகிறான். நமது மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை மின்னழுத்தம் சுழிக்கு வருவதால் பழைய சோக் வைத்த டியூப் லைட் நொடிக்கு 100 முறை மங்கி எரிகிறது. நம் கண்ணுக்குத் தெரியாது. ஒரு மங்கலுக்கும் அடுத்ததற்கும் இடையே 10 மில்லி நொடி, பெல்லட் ஓரடியைக் கடக்க ஆவது 1.81. முதல் உணரியைக் கடக்கும்போது விளக்கு முழுதாக எரிந்துகொண்டிருக்கலாம், இரண்டாவதைக் கடப்பதற்குள் மங்கத் தொடங்கியிருக்கலாம். அடுத்த ஷாட்டில் அப்படியே தலைகீழாகலாம். நாம் எந்தக் கணத்தில் விசையை இழுக்கிறோம் என்பது விளக்குக்குத் தெரியாதல்லவா? ஆகவே அறைக்குள் வருவது சரிவு அல்ல, சிதறல். மலிவான எல்இடி பல்புகளிலும் இதே மினுக்கல் உண்டு, சிலவற்றில் டியூப் லைட்டைவிட அதிகம். கைப்பேசியின் மெதுவோட்ட வீடியோவில் விளக்கைப் படம்பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் துடித்தாலோ பட்டை பட்டையாக ஓடினாலோ அந்த விளக்கு இதற்கு ஆகாது. பழைய குண்டு பல்பு இந்த விஷயத்தில் தங்கம். அதன் இழை சூடாகவே இருப்பதால் மினுக்கல் மிகக் குறைவு. கடைகளில் தேடித்தான் வாங்க வேண்டும், கிடைத்தால் இரண்டு வாங்கி வையுங்கள்.

'எல்லாம் சரி, வெயிலில் துப்பாக்கியே வேகம் கூடும் அல்லவா? சூட்டில் காற்றழுத்தம் ஏறும், ஸ்பிரிங் ரைஃபிள் என்றால் கிரீஸ் இளகும். நீர் ஏன் வெளிச்சத்தையே குறை சொல்கிறீர்?' என்று ஒரு பெரியவர் என்னை மடக்கினார். நியாயமான கேள்வி. காலைக்கும் மதியத்துக்கும் இடையில் வெளிச்சம் மட்டுமா மாறுகிறது, வெப்பமும் மாறுகிறது. குரோனோகிராஃபைக் கொண்டே குரோனோகிராஃபை விசாரிக்க முடியாது. வெளிச்சத்தைச் சாராத சாட்சி ஒன்று வேண்டும்.

அந்தச் சாட்சி ஒலி. பத்து மீட்டர் தொலைவில் தகரத் தட்டு ஒன்றைத் தொங்கவிட்டு, கைப்பேசியைத் துப்பாக்கியின் வாயருகே வைத்து ஒலிப்பதிவு செய்கிறேன். சுட்ட சத்தம், பிறகு தட்டில் பட்ட 'டங்'. கணினியில் அலைவடிவத்தை விரித்துப் பார்த்தால் இரண்டு முகடுகளும் தெளிவாகத் தெரியும். கைப்பேசி நொடிக்கு 44,100 மாதிரிகள் எடுப்பதால் மில்லி நொடியின் பத்தில் ஒரு பங்கையும் அளக்கலாம். 'டங்' திரும்பி வர ஆகும் நேரத்தைக் கழிக்க வேண்டும். 30 டிகிரி வெப்பத்தில் ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 349 மீட்டர். பத்து மீட்டருக்கு 28.7 மில்லி நொடி. மதியம் வெப்பம் ஏறினால் அந்த எண்ணும் சற்று மாறும், அதையும் சரிசெய்துகொள்ள வேண்டும். மிஞ்சுவது பெல்லட் பறந்த நேரம். இதில் கிடைப்பது வாய்வேகம் அல்ல, பத்து மீட்டரின் சராசரி. தட்டைத்தலை பெல்லட் போகப்போக வேகம் இழப்பதால் அது குரோனோகிராஃப் எண்ணைவிடக் குறைவாகத்தான் இருக்கும், இருக்கட்டும். காலைக்கும் மதியத்துக்கும் அது மாறுகிறதா என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி. அதே ஷாட்டுகளைக் குரோனோகிராஃபும் பார்க்க, பக்கத்தில் ஒலிப்பதிவும் ஓட, வெயிலில் குரோனோகிராஃபின் திரை 3 மீட்டர் கூடுதல் சொன்னபோது பறந்த நேரம் அசையவில்லை. வேட்டியைக் கட்டியதும் திரையில் எண்ணும் இறங்கி வந்தது. பெரியவர் அலைவடிவத்தை மூக்குக் கண்ணாடியை ஏற்றி ஏற்றிப் பார்த்துவிட்டு, 'என் ஸ்பிரிங் ரைஃபிளில் செய்து காட்டும்' என்றார். காட்டினேன். அவருடையதில் வெயிலுக்கு வேகம் உண்மையிலேயே கொஞ்சம் மாறியது. இருவருக்கும் வெற்றி. (தட்டில் சுடும்போது கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். ஈயத் துணுக்குகள் எந்தப் பக்கம் திரும்பி வரும் என்று சொல்ல முடியாது. தட்டைக் கீழ்நோக்கிச் சற்றுச் சாய்த்துக் கட்டுங்கள்.)

தினமும் இந்த ஒலிக் கச்சேரி நடத்த முடியாது. அன்றாடத்துக்கு நான் வைத்திருப்பது ஒரு பழைய போட்டி ரைஃபிள், ஒரே பெல்லட் டப்பா. எதை அளப்பதானாலும் முதலில் அதில் சில ஷாட், கடைசியிலும் சில ஷாட். மளிகைக் கடைத் தராசுக்குப் படிக்கல் போல அது எனக்கு. படிக்கல் எண் வழக்கமான இடத்தில் இருந்தால் நடுவில் எடுத்த எண்களை நம்புகிறேன். நகர்ந்திருந்தால் அன்றைய பக்கத்தைக் கிழிப்பதில்லை, ஓரத்தில் வானம் எப்படி இருந்தது என்று எழுதிவைக்கிறேன். காசு உள்ளவர்களுக்கு இதைவிட நேர்த்தியான வழி உண்டு. டெக்சாஸில் கென் ஓலர் வடிவமைத்த ஓலர் 35பி மாதிரியில் உணரிகள் மூன்று. ஒரே ஷாட்டை இருமுறை அளந்து, இரண்டும் ஒத்துவராவிட்டால் அதையே அச்சிட்டுக் காட்டிவிடும். தன்னையே சந்தேகிக்கும் கருவி என்பதால் அதன் மீது எனக்குத் தனி மரியாதை. 2023இல் வந்த கார்மின் ஸீரோ போன்ற ரேடார் கருவிகளுக்கு வெளிச்சமே பொருட்டில்லை, இருட்டிலும் அளக்கும். விலையைக் கேட்டபின் நான் மீண்டும் வேட்டிக்கே திரும்பிவிட்டேன்.

வெளிச்சத்தோடு சேர்ந்து குழப்பும் சில்லறை விஷயங்களும் உண்டு. பெல்லட் உணரிக்கு மேலே ஐந்தாறு அங்குலத்தில் போகட்டும். மேலே போகப்போக அதன் நிழல் சிறுக்கிறது. பெட்டி பெல்லட்டின் பாதைக்கு இணையாக இருக்கட்டும். ஐந்து டிகிரி சாய்ந்தாலே 0.4 சதவீதம் குறைவாகக் காட்டும். மடக்கி வைக்கும் வகைப் பெட்டி முழுதாக விரியாவிட்டால் இடைவெளி சுருங்கி வேகம் கூடுதலாகத் தெரியும். ஸ்பிரிங் ரைஃபிளில் எண்ணெய் அதிகமாகிவிட்டால் வாயிலிருந்து வரும் புகையே முதல் கண்ணைத் தூண்டிவிடும்; துப்பாக்கியை இரண்டு மூன்றடி பின்னால் வையுங்கள்.

இந்த வம்பெல்லாம் வேண்டாம் என்று இப்போது ஒரு பெட்டி செய்து வைத்திருக்கிறேன். மெல்லிய பிளைவுட், உள்ளே பளபளப்பில்லாத கருப்பு வண்ணம், கூரையில் 12 வோல்ட் எல்இடி பட்டை, அதன் கீழே பால்வெள்ளை அக்ரிலிக் தகடு, முன்னும் பின்னும் பெல்லட் போக ஒரு சாளரம். மின்சாரம் பேட்டரியிலிருந்து நேராக வருவதால் மினுக்கல் இல்லை. வெளிச்சத்தைக் குறைக்கும் டிம்மர் மட்டும் வைக்காதீர்கள். பெரும்பாலான டிம்மர்கள் விளக்கை வேகமாக அணைத்து அணைத்து எரித்துத்தான் குறைக்கின்றன. பட்டையின் நீளம் உணரிகளைத் தாண்டி இரு பக்கமும் நான்கு விரல் நீண்டிருக்க வேண்டும், இல்லையென்றால் ஓரத்தில் மங்கும். நண்பகல், நள்ளிரவு, டியூப் லைட், மின்வெட்டு எதுவும் அதற்கு ஒன்றுதான்.

ஒரே ஒரு குறை, அது மழைக்காலத்து மாலையில் வரும். மாடியில் இருட்டிய பிறகு பளிச்சென்று எரியும் ஒரே பெட்டி அது. முதல் மழை ஓய்ந்ததும் ஈசல்கள் அணிவகுத்து உள்ளே புகுந்துவிடுகின்றன. முன் உணரியை ஒன்று கடக்கும், பின் உணரியை இன்னொன்று கடக்கும், திரையில் எந்தத் துப்பாக்கியும் தராத வேகங்கள் ஓடிக்கொண்டிருக்கும். வெள்ளைப் பட்டைக்குப் பதில் 940 நானோமீட்டர் அகச்சிவப்பு எல்இடி போட்டால் அவற்றுக்கு அது தெரியாது. சிலிக்கான் உணரிகளுக்கோ அந்தப் பகுதியில்தான் பார்வை கூர்மை. ஆர்டர் போட்டிருக்கிறேன். அதுவரை மழை நாளில் சாயங்காலம் ஆறு மணிக்கு முன்பே சுட்டு முடித்துவிடுகிறோம்.